மைதானத்துச் சாவி யாரிடம்?

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில், விளையாட இடம் தருபவர்கள் மூன்று தரப்பினர். அரசும் உள்ளாட்சிகளும் ஒரு தரப்பு. காசு வாங்கிக்கொண்டு இடம் தரும் தனியார் இன்னொரு தரப்பு. லாபம் பார்க்காத கல்வி அறக்கட்டளைகள், மிஷன் அமைப்புகள், இளைஞர் மன்றங்கள், விளையாட்டுச் சங்கங்கள் மூன்றாவது தரப்பு. தன்னார்வத் துறை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

மூவருடைய கணக்கும் வேறு. அரசு ஒரு மைதானத்தை வரிப்பணத்தில் கட்டுகிறது; அது எல்லோருக்கும் பொது. தனியார் முதல் போட்டு, வாடகையில் அதை மீட்கிறார். மன்றமும் அறக்கட்டளையும் நன்கொடையிலும் உடலுழைப்பிலும் நடத்துகின்றன. அவற்றின் முதல் அக்கறை தம் உறுப்பினர்கள், தம் மாணவர்கள், தம் ஊர்ப் பிள்ளைகள். ஆனால் தரையில் இறங்கிப் பார்த்தால் இந்தக் கோடுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. அரசு நிலத்தில் மன்றம் ஆடுகிறது. மன்றத்துக்குக் கோப்பை வாங்கித் தருவது ஒரு கம்பெனி முதலாளி. அந்த மன்றத்தில் ஆடிய பையனுக்கு வேலை தருவது ரயில்வே.

அரசுத் தரப்பிலிருந்து தொடங்கலாம். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 33-வது இனம். 74-வது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் நகராட்சிகளின் பணிகளாக வருகின்றன. ஆக, பெரிய அரங்கம் மாநிலத்தின் பொறுப்பு, தெருமுனைத் திடல் உள்ளாட்சியின் பொறுப்பு என்று ஒரு பங்கீடு நடைமுறையில் உருவாகியிருக்கிறது. மாநிலத்தின் வேலையைச் செய்வது 1992-ல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். மாவட்ட விளையாட்டு அலுவலர், விளையாட்டு விடுதிகள், பயிற்றுநர்கள், மாவட்ட வளாகங்கள் எல்லாம் அதன் கீழ் வருகின்றன.

2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டையோடு போனது. இது வெறும் வரைபட மாற்றம் அல்ல. விளையாட்டு நிர்வாகம் மாவட்டத்தை அலகாக வைத்து இயங்குவது. மாவட்டப் போட்டி, மாவட்டத் தேர்வு, மாவட்ட அரங்கம் என்று எல்லாவற்றுக்கும் மாவட்டமே அளவு. பல பத்தாண்டுகளாக வேலூரிலும் காட்பாடியிலும் சேர்ந்த வசதிகள் வேலூர் மாவட்டத்திலேயே தங்கிவிட்டன. புதிய இரண்டு மாவட்டங்களும் தங்களுக்கென்று வசதிகளைச் சேர்க்கும் வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

வேலூர் நகரத்துக்குள் பொது இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை நேதாஜி மைதானமும் கோட்டையின் முன்னால் உள்ள வெளியும். நேதாஜி மைதானம் சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றங்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் பெயர் பெற்றது. கோட்டை வெளியின் கதை வேறு. அது விளையாட்டுக்காக ஒதுக்கிய இடமே அல்ல. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது சட்டம். நகரத்தின் நடுவே இவ்வளவு வெட்டவெளி கடைகளாக மாறாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் நடப்பவர்களும் மாலையில் மட்டையோடு வருபவர்களும் அனுபவிப்பது, வேறு நோக்கத்துக்காகப் போட்ட ஒரு வேலியின் பலனை. அரசு தரும் விளையாட்டு வசதிகளில் இப்படித் தற்செயலாக அமைந்தவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. திட்ட அறிக்கைகளில் அவை வருவதில்லை.

அண்மை ஆண்டுகளில் மாநில அரசு இரண்டு பெரிய காரியங்களைக் கையில் எடுத்தது. ஒன்று, 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டம். இன்னொன்று, 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம். 12,525 ஊராட்சிகளுக்கும் மட்டை, பந்து, வலை முதலிய பொருள்கள் அடங்கிய தொகுப்புகள். இரண்டும் நல்ல நோக்கம் கொண்டவை. ஆனால் பந்து வாங்கிக் கொடுப்பது எளிது. அந்தப் பந்தை உதைக்கத் திடல் வேண்டும், திடலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். கட்டுமானச் செலவு ஒரு முறை வருவது. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, விளக்கு மாற்றுவது, கழிவறையைச் சுத்தம் செய்வது என்பவை ஒவ்வொரு மாதமும் வருகிற செலவு. அரசு வரவு செலவில் முதல் வகைக்குப் பணம் கிடைக்கும் வேகம் இரண்டாம் வகைக்குக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டில் ஒரு அரங்கத்தின் கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தால் அந்த ஊரின் விளையாட்டு நிர்வாகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அரசின் கையில் இருக்கும் பெரிய சொத்து அரங்கங்கள் அல்ல, பள்ளி மைதானங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு கிரவுண்டு இருக்கும். மாலை மணி அடித்ததும் அதன் கதவு சாத்தப்படும். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை என்று ஆண்டின் பெரும் பகுதி நேரம் அது பூட்டியே கிடக்கும். பூட்டுவதற்கும் காரணம் இருக்கிறது: இரவில் உள்ளே குடிப்பார்கள், பாட்டில் உடைப்பார்கள், மறுநாள் பிள்ளைகள் காலில் கண்ணாடி குத்தும், பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவர் பூட்டுவதைக் குறை சொல்ல முடியாது. காவலாளும் விளக்கும் தராமல் திறந்து வைக்கச் சொல்வதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இனி தன்னார்வத் தரப்பு. இந்தப் பகுதியில் விளையாட்டில் உலக அளவுக்குப் போன ஓர் இடம் உண்டென்றால் அது வேலூரின் சத்துவாச்சாரி. அங்கே பளுதூக்குதல் ஒரு குடும்பப் பழக்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் அந்த ஊர்க்காரரான சதீஷ் சிவலிங்கம் ஸ்னாச்சில் 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வென்றார். 149 அந்தப் போட்டிகளின் சாதனையாகப் பதிவானது. 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். இடையில் 2015-ல் அர்ஜுனா விருது. 2016-ல் ரியோ ஒலிம்பிக். அவருடைய தந்தை ராணுவத்தில் இருந்தவர், அவரும் பளுதூக்கியவர், ஓய்வுக்குப் பிறகு பல்கலைக்கழகம் ஒன்றில் காவலர் வேலை பார்த்தவர்.

இந்த விளையாட்டு ஏன் இங்கே வேர் பிடித்தது என்று கேட்டால், பல காரணங்களில் ஒன்று சதுர மீட்டரில் இருக்கிறது. பளுதூக்கும் மேடை நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். 16 சதுர மீட்டர். சர்வதேச அளவுக் கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர். 7,140 சதுர மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். நானூறு மீட்டர் ஓடுதளத்துக்கு அதைவிடவும் அதிகம் வேண்டும். நிலம் விலை ஏறிய ஒரு நகரத்தில், பணம் இல்லாத மனிதர்கள் தாங்களாகவே அமைத்துக்கொள்ளக்கூடிய வசதி எதுவோ அந்த விளையாட்டே அங்கே வளரும்.

பளுதூக்கும் கூடம் ஒன்றுக்குள் நுழைந்தால் பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இருக்காது. மேலே தகரக் கூரை. தரையில் கனத்த பலகை, அதன் இரு பக்கமும் ரப்பர் பாய். ஆண்களுக்கு 20 கிலோ ராடு, பெண்களுக்கு 15 கிலோ ராடு. சுவரோரம் தட்டுகள் எடை வாரியாக அடுக்கியிருக்கும். ஒரு டப்பாவில் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளை மெக்னீசியத் தூள். தூக்கியவர் ராடைக் கீழே விட்டதும் தரை அதிரும். மேடை ஒன்று, பிள்ளைகள் பலர் என்பதால் ஒருவர் தூக்க மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையே பாதிப் பயிற்சி. ‘முட்டி வெளிய போவுது’, ‘முதுகை நிமிர்த்து’ என்று சீனியர் சொல்லச் சொல்ல ஜூனியர் திருத்திக்கொள்வான். பயிற்சியாளர் சம்பளம், கட்டண ரசீது இல்லாமல் ஒரு கூடம் பல ஆண்டு நடப்பது இப்படித்தான்.

ஆனால் தன்னார்வம் மட்டும் தங்கம் கொண்டுவருவதில்லை. பையனுக்கு உணவு வேண்டும், தேசியப் போட்டிக்குப் போக ரயில் டிக்கெட் வேண்டும், இருபது வயதுக்குப் பிறகு வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டும். அந்த இடத்தில் அரசுத் துறை வருகிறது: விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி, விளையாட்டு விடுதி, அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு, ராணுவம், போலீஸ், ரயில்வே. சதீஷ் சிவலிங்கத்துக்கு வேலை கொடுத்தது தெற்கு ரயில்வே. நடுத்தர வருமானம்கூட இல்லாத ஒரு வீட்டில் பெற்றோர் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதிப்பதற்குப் பதக்க ஆசை மட்டும் காரணமல்ல. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கிடைக்கும்’ என்கிற நம்பிக்கையும் காரணம். கூடத்தைத் தந்தது மக்களின் சொந்த முயற்சி, பாதையைத் தந்தது அரசு. இதில் ஒன்று இல்லாமல் இன்னொன்று நின்றிருக்காது.

தன்னார்வத் துறையின் இன்னொரு முகம் கல்வி நிறுவனங்கள். இந்தப் பகுதியில் அவற்றின் தடம் ஆழமானது. வேலூர் ஊரீஸ் கல்லூரி 1898-ல் மிஷன் அமைப்பால் கல்லூரியானது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியைச் சலேசிய சபையினர் 1951-ல் ஆரம்பித்தார்கள். காட்பாடி ஆக்சிலியம் மகளிர் கல்லூரி 1954. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969. தோல் வணிகத்தில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி தர்மமாகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனது இந்த ஊர்களின் பெருமைக்குரிய வரலாறு. மேல்விஷாரம் கல்லூரி தாங்கியிருக்கும் பெயரே ஒரு தோல் வணிக வள்ளலின் பெயர்தான்.

அந்தக் கல்லூரிகள் வாங்கிய நிலங்களில் மைதானங்களும் சேர்ந்து வந்தன. அன்று ஏக்கர் கணக்கில் வாங்க முடிந்தது. இன்று அதே விலைக்கு ஒரு வாலிபால் கோர்ட் அளவுக்குக்கூட கிடைக்காது. நூறு வருடத்துக்கு முன் ஓர் அறக்கட்டளை எடுத்த முடிவுதான் இன்று ஒரு ஊரில் கால்பந்து ஆட முடிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் என்கிற ஆளையே இந்த நாட்டுக்கு உருவாக்கித் தந்ததில் தன்னார்வ அமைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி அப்படிப்பட்டது. பள்ளிகளில் ‘பி.டி. மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் தலைமுறையின் வேர் அங்கே இருக்கிறது.

தன்னார்வத் துறையின் மூன்றாவது முகம்தான் எளிய முகம். அதிகம் பேரை ஆட வைப்பதும் அதுவே. ஊர் இளைஞர் மன்றம், நண்பர்கள் குழு, தெருப் பெயரில் ஒரு கிரிக்கெட் டீம், நடிகர் பெயரில் ஒரு நற்பணி மன்றம். சில மன்றங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. பல, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்போடு சரி. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு, அரசு நிதி, மாவட்டச் சங்கத்தோடு இணைப்பு எல்லாம் கிடைக்கும். பதிவு இல்லாவிட்டால் எல்லாம் ஒரே அண்ணனின் சட்டைப் பையில் இருக்கும். அந்த அண்ணன் கல்யாணம் ஆகி வெளியூர் போனால் மன்றம் கலைந்துவிடும்.

இந்த மன்றங்களுக்கு ஸ்டேடியம் பாலாறு. ஆண்டின் பெரும் பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப் படுகையில் மணல் இறுகிய இடமாகப் பார்த்து முள்செடிகளை வெட்டி எடுத்துவிட்டால் மைதானம் தயார். பொங்கலோ கோடை விடுமுறையோ வந்தால் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். சுண்ணாம்புப் பொடியில் கிரீஸ், ஒரு பந்தல், அதில் மைக் செட், ஸ்கோர் எழுத ஒரு நோட்டு. ஒவ்வொரு டீமும் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் பரிசுத் தொகை, மீதிக்கு நன்கொடை. முதல் பரிசு ஷூ கம்பெனி உரிமையாளர், இரண்டாம் பரிசு வார்டு கவுன்சிலர், தொடர் நாயகன் கோப்பை பிரியாணிக் கடை என்று ஃப்ளெக்ஸில் பெயர்கள் வரிசையாக வரும். மூன்று துறைகளும் கூடிச் செயல்படுவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த ஃப்ளெக்ஸைப் படித்தாலே போதும்.

பாலாற்றை நம்ப முடியாது என்பதும் உண்மை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது கரைகொள்ளாமல் ஓடியது. மணல் அள்ளிய பள்ளங்கள், கரையோரக் குப்பை, தோல் ஆலைக் கழிவு படிந்த மண் என்று அபாயங்கள் வேறு. ஒரு பகுதியின் முக்கியமான விளையாட்டிடம் யாருக்கும் பொறுப்பில்லாத ஆற்றுப் படுகையாக இருப்பது கொண்டாட வேண்டிய விஷயம் அல்ல. கிராமங்களில் தை, மாசியில் நடக்கும் எருது விடும் விழாவுக்கும் இதே நிலைமைதான்: ஊரின் பிரதான வீதியே ஓடுதளம், சவுக்குக் கட்டைத் தடுப்பே கேலரி. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் மருத்துவக் குழுவும் கட்டாயம் என்றான பிறகு, ஊர் முயற்சியும் அரசு மேற்பார்வையும் சேரும் இடமாக அது மாறியிருக்கிறது.

தனியார் துறை என்றால் இப்போது எல்லோருக்கும் தெரிந்தது டர்ஃப். செயற்கைப் புல், நாலா பக்கமும் உயரமான வலை, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள். மணிக்கணக்கில் வாடகை, போனிலேயே ஸ்லாட் புக்கிங். பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பிரியாணி விலைக்குள் முடிந்துவிடும். ஷட்டில் கோர்ட், ஜிம், நீச்சல் குளம், கிரிக்கெட் வலைப்பயிற்சி எல்லாம் இந்த வகையிலேயே வருகின்றன. தனியாரின் பெரிய பலம் நேரம். அரசு மைதானத்தில் இருட்டினால் ஆட்டம் முடிந்தது. டர்ஃபில் இரவு பதினோரு மணிக்கும் பந்து உருளும். கடை சாத்திவிட்டு வரும் வியாபாரிக்கும் ஷிஃப்ட் முடித்து வரும் சூப்பர்வைசருக்கும் அந்த நேரம்தான் வசதி. கழிவறை சுத்தமாக இருக்கும்; இல்லாவிட்டால் அடுத்த வாரம் வாடிக்கையாளர் வரமாட்டார்.

பலவீனமும் அதே கணக்கில் இருக்கிறது. வாடகை கட்ட முடியாதவருக்கு அந்த வலைக்குள் இடமில்லை. எந்த விளையாட்டு மணிக்குக் காசு தருமோ அதுவே அங்கு நடக்கும். ஈட்டி எறியவும் குண்டு எறியவும் நீளம் தாண்டவும் எவரும் ஸ்லாட் புக் செய்வதில்லை. ஆகவே எந்தத் தனியாரும் அதற்கு இடம் ஒதுக்குவதில்லை. நிலத்தின் விலை ஏறினால் டர்ஃப் கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறும். அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு வகை. 1984-ல் ஜி. விஸ்வநாதன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி இன்று வி.ஐ.டி.யாக வளர்ந்து நிற்கிறது. அதன் வளாகத்தில் திறந்தவெளி மைதானம், உள்ளரங்கம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. அதன் மாணவர் விழாவான ரிவியேராவின்போது பல ஊர்க் கல்லூரி அணிகள் வந்து ஆடுகின்றன. அந்த வசதிகளின் தரம் உயர்ந்தது. ஆனால் அவை முதலில் கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களுக்காக உள்ளவை. மதிலுக்கு வெளியே இருக்கும் காட்பாடிப் பையனுக்கு அந்தத் தரம் எட்டும் தூரத்தில் தெரிகிறது, கைக்கு எட்டுவதில்லை.

தோல் பகுதிக்கே உரிய கேள்வி அடுத்து வருகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். காலையில் கிராமம் கிராமமாகச் சென்று கம்பெனி பஸ் அவர்களை ஏற்றி வருகிறது; மாலையில் கொண்டுபோய் விடுகிறது. தையல் மெஷின் முன் குனிந்த கழுத்தோடும், பசை பூசும் மேசையருகே நின்ற காலோடும் நாள் முழுக்க வேலை. கழுத்துவலியும் முதுகுவலியும் அவர்களுக்குப் பழகிவிட்ட உபாதைகள். இந்தப் பகுதியில் உடற்பயிற்சி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். மூன்று துறைகளில் எதுவும் அவர்களை மனதில் வைத்து ஒரு வசதி செய்ததாகச் சொல்ல முடியாது.

சட்டமும் அதைக் கேட்கவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளின் நல வசதிகளைத் தலைமுறை தலைமுறையாக வரையறுத்து வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், 250 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150-க்கு மேல் இருந்தால் ஓய்வறை, 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்று தெளிவாகச் சொன்னது. விளையாட்டுத் திடலோ உடற்பயிற்சிக் கூடமோ அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் கேட்காததைத் தாங்களாகச் செய்யும் முதலாளிகள் இருப்பார்கள்; ஆனால் அது அவரவர் மனசைப் பொறுத்தது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பலர் இங்கே சுட்டுவார்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு: நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இடம்பெறுகிறது. ஆனால் அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது கம்பெனிகளை மட்டும். தோல் தொழிலில் குடும்பக் கூட்டு நிறுவனங்களாக நடப்பவையும் உண்டு. பேச்சில் எல்லாம் ‘கம்பெனி’தான், ஆனால் கூட்டாண்மை நிறுவனத்தை அந்தப் பிரிவு தொடாது. லாபம் 5 கோடியை எட்டாத சிறிய ஜாப்-ஒர்க் யூனிட்டுகளுக்கும் அது பொருந்தாது. ஆகவே பெரிய தொழில் நகரம் என்பதால் பெரிய நிதி வரும் என்று எண்ணிவிட முடியாது. வரும் நிதிக்கும் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் என்று போட்டி அதிகம்.

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, இப்படிப்பட்ட கம்பெனி நிதியையும் தனிமனித நன்கொடையையும் விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. ஏழை வீரர் ஒருவரை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பவும் நல்ல உபகரணம் வாங்கித் தரவும் அது பயன்படும். ஆனால் ஆம்பூரில் மாலை நேரத்தில் நடக்கவும் ஆடவும் இடம் தேடும் ஒரு தையல் தொழிலாளிக்கு வேண்டியது வேறு. உச்சிக்குப் போகும் ஒருவருக்குச் செய்யும் உதவியையும் அடியில் நிற்கும் ஆயிரம் பேருக்குச் செய்ய வேண்டிய வசதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்று துறைகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் நல்ல உதாரணம் ஜெர்மனி. அங்கே சுமார் 86,000 விளையாட்டுச் சங்கங்கள் உண்டு. எல்லாம் உறுப்பினர்கள் நடத்துபவை. ஆனால் பல சங்கங்களுக்குச் சொந்தமாக அரங்கம் கிடையாது. நகராட்சியும் பள்ளியும் கட்டிய கூடங்களை மாலையிலும் வார இறுதியிலும் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ சங்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. கட்டடம் அரசுடையது, நடத்துவது சங்கம், சட்டையில் விளம்பரம் உள்ளூர் வியாபாரியுடையது. பாலாற்றுப் படுகை டோர்னமென்ட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இங்கே இல்லாதது ஒரு கட்டடமும் ஒரு ஒப்பந்தத் தாளும்.

தோல் தொழிலுக்குக் கூட்டு முயற்சி புதிதும் அல்ல. தோல் ஆலைகள் பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது; 1996-ல் தீர்ப்பு வந்தது. தனித்தனியாகக் கழிவைச் சுத்திகரிக்க முடியாத சிறிய டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. ஆம்பூரில் ஆம்பூர்டெக், வாணியம்பாடியில் வாணிடெக், ராணிப்பேட்டையில் ராணிடெக். போட்டியாளர்களான முதலாளிகள் பங்கு போட்டு, நிலம் வாங்கி, மாதாமாதம் செலவைப் பகிர்ந்து ஒரு பொது வசதியை நடத்தும் அனுபவம் இந்த ஊர்களுக்கு உண்டு. அழுக்கு நீருக்காகக் கூடியவர்கள் தங்கள் தொழிலாளர்களின் உடல்நலத்துக்காகவும் கூட முடியும். ஒரு ஊருக்கு ஒரு பொதுத் தொழிலாளர் விளையாட்டு வளாகம், அதில் பெண்களுக்கு என்று உறுதியான நேரம், அது முடிந்து புறப்படும் ஒரு கம்பெனி பஸ். தனி ஒரு கம்பெனிக்குப் பாரமாக இருப்பது பத்துக் கம்பெனிகளுக்குப் பாரமாக இராது.

புதிதாக வரும் தொழிற்சாலைகள் விஷயத்தில் வாய்ப்பு இன்னும் கைநழுவவில்லை. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹோங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலைக்குப் போகப்போகிறவர்களில் பெரும் பகுதி பெண்களாக இருப்பார்கள். சாலை, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றோடு விளையாட்டிடத்தையும் வரைபடத்திலேயே குறித்துவிட்டால் செலவு குறைவு. எல்லாம் கட்டி முடித்த பிறகு தேடினால் நிலம் கிடைக்காது.

நிலத்தைக் காக்கச் சட்டங்கள் இருக்கின்றன. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அவற்றைப் பட்டியலிட வேண்டும்; பட்டியலில் வந்த இடத்தை அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. ஒரு வரம்பு வரை அதற்குப் பதில் பணம் கட்டிவிடலாம். இடமாகவே ஒப்படைத்தால் அது பொதுச் சொத்து. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் புறநகர்களில் போட்ட ஒவ்வொரு புது நகரிலும் காகிதத்தில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் சில இடங்களில் கருவேலம், சில இடங்களில் மாட்டுத் தொழுவம். பத்து சென்ட் என்றாலும் அதில் ஒரு வாலிபால் கோர்ட்டும் ஒரு விளக்குக் கம்பமும் தாராளமாக நிற்கும். ஆட்டத்துக்கு வேண்டியது 18-க்கு 9 மீட்டர்தான்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிலியம் போன்ற மகளிர் கல்லூரிகளின் மைதானங்களில் பெண்கள் தயக்கமில்லாமல் ஓடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள். மதில் உண்டு, உடன் ஆசிரியைகள் உண்டு, உடை மாற்ற அறை உண்டு. படிப்பு முடிந்த நாளோடு அந்த இடம் கைவிட்டுப் போகிறது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு நேராக ஷூ கம்பெனிக்குப் போன பெண்ணுக்கு கல்லூரியின் அந்த மூன்று ஆண்டுகள்கூட இல்லை. பொது மைதானங்களில் பெண்கள் வருவதில்லை என்று சொல்லப்படுகிறது. விளக்கு, கழிவறை, பெண் பயிற்சியாளர், உறுதியான நேரம் ஆகிய நான்கையும் கொடுத்துப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வதே நியாயம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் தமிழகத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. பேரணாம்பட்டு, மாதனூர், ஆலங்காயம் ஒன்றியங்களின் ஊராட்சிகளில் இருக்கும் வாசகர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். ஊரின் விளையாட்டுத் திடல் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பொருள்கள் எங்கே இருக்கின்றன, பள்ளி மைதானத்தை மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்து வைக்கக் காவலாளுக்கு என்ன செலவாகும் என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்களோடு ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் நாலு பேரையாவது அழைத்துப் போங்கள்; திடல் எத்தனை மணிக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.